பத்மினிக்கு எந்த டயர்?

பெங்களூரு

அன்புள்ள கதிரவன்,

வீட்டில் நிற்கும் ப்ரீமியர் பத்மினியைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்யப்போகிறாய். நைலான் டயர் போடுவதா, ரேடியல் போடுவதா என்று கேட்டால் ஜே.சி. ரோட்டில் கடைக்கொரு பதில் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடத்தில் ஓட்ட நைலான் டயர், அதாவது புத்தகங்கள் கிராஸ்-ப்ளை என்று எழுதும் பழைய வகை. தடம் வரைக்கும் சாலையில் ஓட்டிப்போக ரேடியல். ஆகவே இரண்டு செட் ரிம் வைத்துக்கொள். இந்தப் பதிலை இப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதே. காரணம் தெரியாமல் எடுக்கும் முடிவு, எதிரே ஒருவர் அழுத்திப் பேசினால் மாறிவிடும். டயர் விஷயத்தில் அழுத்திப் பேசுகிறவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ரேடியல் புதியது, நைலான் பழையது, புதியது எப்போதும் மேல் என்பது ஒரு கட்சி. பழைய காருக்குப் பழைய டயர்தான் மரியாதை என்பது இன்னொன்று. இரண்டுமே காரைப் பார்க்காமல் டயரை மட்டும் பார்க்கின்றன. டயரைத் தனிச்சாமானாக நினைக்காதே. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், விஷ்போன் என்று வரும் வரிசையில் தரையைத் தொடும் கடைசி உறுப்பு அது. மற்ற உறுப்புகள் எந்த வகை டயரை மனத்தில் வைத்து வரையப்பட்டனவோ, அந்த வகையைத்தான் அவை சரியாக நடத்தும்.

முதலில் இரண்டுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார். நைலான் டயரில் இழைத்துணி அடுக்குகள் ஒரு விளிம்புக் கம்பியிலிருந்து மறு விளிம்புக் கம்பிவரை சாய்வாக ஓடுகின்றன. ஓர் அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம் சாயும். பக்கச் சுவரும் தரையைத் தொடும் தளமும் ஒரே பின்னல். கயிற்றுக் கட்டிலில் ஒரு மூலையில் உட்கார்ந்தால் எதிர்மூலைக் கயிறும் நெளிகிறதல்லவா, அப்படித்தான் பக்கச் சுவர் வளையும்போதெல்லாம் தளமும் சேர்ந்து நெளிகிறது. அடுக்குகள் ஒன்றோடொன்று உரசுவதால் சூடும் ஏறுகிறது. ரேடியலில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுகின்றன. தளத்துக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை தனியாகச் சுற்றி வருகிறது. பக்கச் சுவர் தன் பாட்டுக்கு வளையலாம், தளம் தட்டையாகவே இருக்கும். மிஷ்லின் நிறுவனம் இதற்கு 1946-இல் காப்புரிமை எடுத்தது. 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயுள் அதிகம், எரிபொருள் மிச்சம், ஈரச் சாலையில் நல்ல பிடி: சாலைக்கு ரேடியல் மேலானது என்பதில் இன்று வாதமே கிடையாது. நானும் வாதாடப் போவதில்லை. உன் கேள்வி சாலையைப் பற்றியதல்ல என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

வளைவில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயத்தின் மையம். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, அது உண்மையில் உருண்டு போகும் திசை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறு கோணத்தை ஸ்லிப் ஆங்கிள் என்பார்கள். அந்தக் கோணம் இல்லாமல் டயரால் பக்கவாட்டில் விசையே தர முடியாது. கோணம் கூடக்கூடப் பிடியும் கூடும். ஓர் உச்சத்துக்குப் பிறகு குறையும். ரேடியல் ஏறத்தாழ நாலைந்து டிகிரியிலேயே உச்சத்தை நெருங்கிவிடுகிறது. அந்த உச்சம் உயரமானது. ஆனால் அதன் மறுபுறச் சரிவு செங்குத்து. நைலான் டயரின் உச்சம் சற்றுத் தாழ்வு. ஆனால் ஏழெட்டு டிகிரிவரை மெதுவாக ஏறிப் போய், உச்சியில் அகலமாகப் படர்ந்து, பிறகு மெதுவாக இறங்கும். ஓட்டுகிறவன் கைக்கு இது எப்படி வருகிறது என்று யோசித்துப்பார். ரேடியல் பிடிக்கிறது, பிடிக்கிறது, பிறகு சட்டென்று விடுகிறது. நைலான் விடப்போவதை வெகுநேரம் முன்பே சொல்லிக்கொண்டு வருகிறது. கார் லேசாகக் குறுக்கே நகரும், பின்புறம் மிதக்கும், நீ ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் அடங்கும். இங்கிலாந்தில் 1998 முதல் நடக்கும் குட்வுட் ரிவைவல் பந்தயத்தின் படங்களைப் பார்த்திருப்பாய். 1966 வரைக்குமான கார்கள், பெரும்பாலும் டன்லப்பின் கிராஸ்-ப்ளை டயரில், வளைவுக்கு வளைவு நாலு சக்கரமும் வழுக்கியபடி போகும். அது ஓட்டுநர்களின் துணிச்சல் மட்டும் என்று நினைக்காதே. அந்த டயர் பிடியை இழக்கும் விதமே அப்படி. நல்ல ஓட்டுநர் அதை ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்.

இனி உன் காருக்கு வருகிறேன். பத்மினி என்ற பெயர் 1970களில் வந்தது. பம்பாய் குர்லாவில் 1964 முதல் வெளிவந்த ஃபியட் 1100 டிலைட்தான் அது. அதன் மூதாதை இத்தாலியில் 1953-இல் வெளியான 1100/103. முன்பக்கம் விஷ்போனும் சுருள் ஸ்பிரிங்கும், பின்பக்கம் ஒரே தண்டான ஆக்சிலும் இலை ஸ்பிரிங்கும். 1953-இல் ரேடியல் இன்னும் விலையுயர்ந்த புதுமை. ஃபியட்டின் பொறியாளர்கள் வரைந்ததெல்லாம் 5.20-14 என்ற ஒல்லியான, உயரமான கிராஸ்-ப்ளை டயருக்காக. அந்த டயரின் தோள் உருண்டது. வளைவில் உடம்பு சாய்ந்து, கூடவே வெளிச்சக்கரமும் கொஞ்சம் சாய்ந்தால், டயர் தன் தோளில் உருண்டுகொண்டு தரையோடு தொடர்பை விடாமல் வைத்திருக்கும். அதனால் சக்கரத்தை எப்போதும் நிமிர்த்தி வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் காலத்து சஸ்பென்ஷனுக்கு இல்லை. கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வுக் கோணத்தை, பூஜ்யத்தை ஒட்டி வைத்தாலே போதும். ரேடியலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் தளம் தட்டை, அடியில் உள்ள எஃகுப் பட்டை விறைப்பு. சக்கரம் சாய்ந்தால் ஓர் ஓரம் மட்டும் பாரம் சுமக்கும், மறு ஓரம் காற்றில் நிற்கும். அதனால்தான் ரேடியலுக்கென்று வரைந்த கார்களில் சாய்வைக் கட்டுப்படுத்த விறைப்பான ஆன்ட்டி-ரோல் பார், கூடுதல் நெகட்டிவ் கேம்பர் எல்லாம் இருக்கின்றன. உன் காரில் ரேடியலை மட்டும் மாட்டினால், அதன் பலனில் ஒரு பகுதி அந்தச் சாய்விலேயே போய்விடும்.

கார்க் கம்பெனிகளே இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1974-இல் அமெரிக்காவின் பான்டியாக், ரேடியலுக்கு மாறியபோது சஸ்பென்ஷனின் புஷ், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று பலவற்றைத் திருத்தி, அந்தத் திருத்தத்துக்கே ஒரு பெயர் வைத்து டாஷ்போர்டில் பொறித்து விற்றது. டயரை மாற்றினால் மட்டும் போதும் என்றால் அந்தச் செலவு எதற்கு? மறுபுறம், நம் சென்னையில் கட்டப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள். அதன் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் ஆடுபவை. வளைவில் பின்டயர் வழுக்க ஆரம்பித்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். வழுக்காமல் அழுத்திப் பிடித்தால், அந்த விசை காரின் பின்பக்கத்தையே மேலே தூக்கும். வெளிச்சக்கரம் உள்ளே மடங்கும். அப்போது பிடி ஒரே நொடியில் போகும், சில சமயம் கார் உருளும். அந்த வடிவத்துக்குக் குறைந்த பிடி ஒரு பாதுகாப்பு வால்வு. பிறகு வந்த கஸல் காரில் அந்த ஆக்சிலையே கம்பெனி விட்டுவிட்டது. பத்மினிக்கு ஸ்விங் ஆக்சில் இல்லை, ஆனாலும் உயரமான கூரை, இடவலச் சக்கரங்களுக்கு நடுவே குறுகிய அகலம். மிதமிஞ்சிய பிடியுள்ள ஒட்டு ரப்பர் ரேடியலை மாட்டிக்கொண்டு வளைவில் விளிம்புக் கல்லில் ஏறினால், வழுக்க வேண்டிய கார் சாய்ந்து கவிழப் பார்க்கும். பழைய கார் பந்தயத்தில் கூடுதல் பிடி எப்போதும் கூடுதல் பாதுகாப்பு ஆகாது என்று சொல்வதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே நீ ஒரு கேள்வி கேட்பாய்: ‘ஃபார்முலா ஒன் முழுக்க ரேடியலுக்குத்தானே போனது?’ போனது. எப்படிப் போனது என்று பார். மிஷ்லின் 1977-இல் ரெனோவின் டர்போ காருடன் சில்வர்ஸ்டோனில் ரேடியலைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் பிரேசிலில் கார்லோஸ் ராய்ட்டமான் ஃபெராரியில் ரேடியலுக்கு முதல் வெற்றியை வாங்கிக்கொடுத்தார். 1979-இல் ஜோடி ஷெக்டர் அதே ஃபெராரி-மிஷ்லின் கூட்டணியில் உலகச் சாம்பியன். ஆனால் 1978-இல் பட்டம் வாங்கிய ஆன்ட்ரெட்டியின் லோட்டஸும், 1980-இல் வாங்கிய ஆலன் ஜோன்ஸின் வில்லியம்ஸும் ஓடியது குட்இயரின் கிராஸ்-ப்ளையில். ரேடியல் தன்னளவிலேயே வேகமானது என்றால் இந்த இரண்டு பட்டங்களும் எப்படி வந்தன? கார் எந்த டயருக்காக வரையப்பட்டதோ அந்த டயரில் அது ஜெயித்தது. குட்இயரும் சில வருடங்கள் கழித்து ரேடியலுக்கு மாறியது உண்மைதான்; அதற்குள் ரேடியலுக்கென்றே கார்களை வரைய எல்லோரும் பழகியிருந்தார்கள். உன் பத்மினியை அப்படித் திரும்ப வரைய யாரும் இல்லை. வரைந்தால் அது பத்மினியாகவும் இருக்காது. போட்டி விதிகள் அதை ஏற்குமா என்பது வேறு சங்கடம். சர்வதேசப் பழைய கார் பந்தயங்களுக்கு எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் கே பின்னிணைப்பு விதிகளின் நோக்கமே காரை அதன் காலத்து நிலையில் ஓட வைப்பதுதான். நம் நாட்டில் பழைய கார்களுக்கென்று நடப்பவை பெரும்பாலும் ராலியும் அணிவகுப்பும். 1964-இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் ராலி அதற்கு முன்னோடி. அப்படிப்பட்ட ஒன்றில் கலந்துகொள்வதற்கு என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரேடியலே போட்டுக்கொள். நந்தி மலைவரை ஊர்ந்து போய்வர ஸ்லிப் ஆங்கிள் கணக்கு தேவையில்லை.

டயரின் பிடி காரின் உடம்பில் எங்கே போய் விழுகிறது என்பதையும் நினை. பிடி கூடினால் அந்த விசையை ரிம், வீல் பேரிங், ஸ்டப் ஆக்சில், கிங் பின், விஷ்போன் பிடிமானங்கள், பின் ஆக்சிலின் தண்டு எல்லாம் சுமந்தாக வேண்டும். நாற்பது வருடத் தகட்டு ரிம்மில் நட்டு ஓட்டைகளைச் சுற்றி முடியளவு வெடிப்பு இருப்பது அபூர்வமல்ல. சாலையில் அது பல வருடம் தெரியாமல் இருக்கும். தடத்தில் ஒட்டு ரப்பரோடு இருபது சுற்று ஓடினால் தெரிந்துவிடும். இன்னொன்று: இந்தக் கால ரிம்மில் டயரின் விளிம்பு உள்ளே நழுவாமலிருக்க ஒரு சிறு மேடு உண்டு. அந்தக் கால ரிம்மில் அது இல்லை. ட்யூப்லெஸ் ரேடியலை அதில் ட்யூப் இல்லாமல் ஏற்றி, வளைவில் பக்கவாட்டாக அழுத்தினால் காற்று ஒரேயடியாக வெளியேறலாம். ட்யூப் போட்டால் அது ரேடியலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் ரேடியலின் பக்கச் சுவர் அதிகம் வளைந்து சாதா ட்யூபை உரசியே ஓட்டையாக்கும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பிரேக் போட்டு நிற்பதைப் பற்றியது. ரேடியலில் பிரேக் தூரம் குறைவு, மழையில் பிடி அதிகம், ஆகவே உயிர் முக்கியம் என்றால் ரேடியல் என்பார்கள். சாலையைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, பதில் தேடவும் மாட்டேன். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் உனக்குத் தேவை ரேடியல்தான். தடத்தில் நிலைமை வேறு. பத்மினியின் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சில சுற்றுகளிலேயே டிரம் சூடேறி, லைனிங் பிடி தளர்ந்து, பெடல் கீழே போக ஆரம்பிக்கும். அந்த நிலையில் நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டிரம், டயரல்ல. டயருக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை லைனிங்குக்கும் சிலிண்டர் சீலுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போட்டால் உன் பாதுகாப்பு உண்மையாகவே கூடும். மழை வந்தால்? மழையில் ரேடியல்தான் மேல். தடத்துக்கு எடுத்துப்போகும் இரண்டாவது செட் அதற்கும் உதவும். போட்டி விதி அனுமதித்தால் மாட்டிக்கொள்.

இரண்டாவது எதிர்வாதம் வேகம். இதில் ஒரு பாதி நியாயமானது. ரேடியல் உருளும்போது வீணாக்கும் சக்தி குறைவு. 1089 சிசி எஞ்சினில் நாற்பதைச் சுற்றிய குதிரைத்திறனை வைத்துக்கொண்டிருக்கிற காருக்கு, நேர்ப்பாதையில் அந்த மிச்சம் சின்ன விஷயமல்ல. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீண்ட நேர்ப்பாதையில் அதே கார் ரேடியலில் கொஞ்சம் கூடுதல் வேகம் காட்டும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். ஆனால் வேகம் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் எடை. 1980களில் நம் பெங்களூரில் சிபானி நிறுவனம் செய்த டால்ஃபினை நினைத்துக்கொள். பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டனின் வடிவம், கண்ணாடியிழை உடம்பு, 848 சிசி அலுமினிய எஞ்சின். கடையில் அதை வாங்கியவர் அதிகமில்லை. ஆனால் ராலியிலும் சோழவரம் தடத்திலும் தன்னைவிடப் பெரிய எஞ்சின் கார்களை அது திண்டாட வைத்தது. அந்தக் காருக்கு எஞ்சின் பலம் கிடையாது, டயர் மகிமையும் கிடையாது, சுமக்க வேண்டியது குறைவு, அவ்வளவுதான். உன் காரிலிருந்து விதி அனுமதிக்கும் எடையையெல்லாம் இறக்கிவிட்டு, கார்புரேட்டரையும் இக்னிஷனையும் ஒழுங்கு செய்துவிட்டு, அதற்குப் பிறகும் நேரம் போதவில்லை என்றால் டயரைக் குறை சொல்லலாம். அதோடு, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற ஓட்டுநருக்கு உச்சப் பிடியைவிட உச்சத்தை எங்கே தாண்டினோம் என்று தெரிவதுதான் சுற்று நேரத்தைக் குறைக்கும். ரேடியலின் குறுகிய உச்சியில் அனுபவசாலிகள் நிற்பார்கள். நீ இப்போது ஒன்று அதற்குக் கீழே இருப்பாய், இல்லையென்றால் புல்லில் இருப்பாய்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது: நல்ல கிராஸ்-ப்ளை எங்கே கிடைக்கும்? வெளிநாட்டில் டன்லப், ஹூசியர் போன்றவர்கள் பழைய பந்தயக் கார்களுக்கென்றே பழைய வடிவில் புது ரப்பரில் டயர் செய்கிறார்கள். ஆனால் புது டயர் இறக்குமதியை 2020 ஜூனில் இந்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டது. உரிமம் வாங்க வேண்டும், தரச் சான்றுக் கேள்விகள் வேறு. தனியாளாக நாலு டயருக்காக அந்த அலைச்சல் தேவையா என்று நீயே முடிவு செய். உள்ளூரில் கிடைப்பது சாலை நைலான் டயர்; அதை வாங்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயரைத் தடத்துக்கு எடுத்துப்போகாதே. கிடங்கில் கிடந்த ‘புது’ டயரின் ரப்பர் மரம்போல் இறுகியிருக்கும். அடுத்து வேக எழுத்து: பி (P) என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. பத்மினியின் உச்ச வேகத்துக்கு பி-யே போதும், ஆனால் எழுத்தே இல்லாத டயரை வாங்காதே. பாரம் ஏற்ற வசதியாக அதிக ப்ளை போட்ட டயரைச் சில கடைக்காரர்கள் ‘ஸ்ட்ராங்கு’ என்று தள்ளிவிடுவார்கள். தடிமன் கூடினால் சூடும் கூடும், அதனால் 4 ப்ளைக்கு மேல் வேண்டாம். ரீட்ரெட் டயர் பக்கமே போகாதே. நைலான் டயர் சூட்டை அதிகம் சேர்த்துவைக்கும் என்பதால் ஐந்தாறு சுற்றுக்கொரு முறை உள்ளே வந்து ஆறவிடு. நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு: இரவெல்லாம் நின்ற கார் காலையில் முதல் சில கிலோமீட்டர் லொட லொட என்று ஓடும், இழை தட்டையாகிப் போனதால். சூடேறினால் சரியாகிவிடும், பயந்து பேலன்சிங் கடைக்கு ஓடாதே.

இவ்வளவு தேடியும் தகுதியான நைலான் டயர் கிடைக்கவில்லை என்றால், மட்டமான நைலானைவிட நல்ல ரேடியல் மேல் என்பதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். என் வாதம் காருக்குப் பொருத்தமான டயரைப் பற்றியது. செத்த ரப்பர் எந்தக் காருக்கும் பொருத்தமில்லை. அப்படி ரேடியல் போட நேர்ந்தால், பக்கச் சுவர் உயரமான, ஒல்லியான அளவையே எடு. அகலமாக, தாழ்வாகப் போனால் மொத்த விட்டம் மாறி கியர் கணக்கும் ஸ்பீடோமீட்டரும் கெடும், ஸ்டீயரிங்கும் கல்லாகும். ரப்பர் சாதாரணச் சாலை வகையாகவே இருக்கட்டும். ஷிம் வைத்துக் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் கொடு, டோ-இன்னைக் குறை. எந்த நிலையிலும் இரண்டு வகையைக் கலக்காதே. முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும்போது பின்பக்கம் விட்டுவிடும், கார் தட்டாமாலை சுற்றும். பிரிட்டனில் இந்தச் சேர்க்கையைச் சட்டமே தடுக்கிறது. ‘பின்னால் ரெண்டு மட்டும் அப்புறம் மாத்திக்கலாம் சார்’ என்று கடையில் யாராவது சொன்னால், புன்னகைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போ.

கடைசியாகக் காற்று. நமக்கு அருகில் உள்ள பெரிய தடங்கள் இரண்டுமே தமிழ்நாட்டில்: சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையும் கோவையில் கரிவரதன் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயும். இரண்டும் நம்மைவிடத் தாழ்வான ஊர்கள், நம்மைவிடச் சூடானவை. பெங்களூரு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே 30 பவுண்டு காட்டிய டயர், சூடு மாறாமல் சென்னைக்குப் போனால் 28½ பவுண்டுதான் காட்டும். ஆனால் சூடு மாறும். பத்து டிகிரிக்கு ஒன்றரைப் பவுண்டு கூடும். காலைக் குளிரில் இங்கே பிடித்த காற்று மதியம் அங்கே எவ்வளவு நிற்கும் என்பது இந்த இரண்டின் கழித்தல். (கார்புரேட்டருக்கும் இதே கதைதான், அடர்ந்த காற்றில் கலவை மெலிந்துவிடும், ஜெட்டைப் பார்த்துக்கொள்.) ஆகவே இங்கே பிடித்த அளவை நம்பாமல், தடத்தில் இறங்கியபின் நிழலில் நிறுத்தி, டயர் ஆறியதும் அளந்து, சாலை அளவைவிட நாலைந்து பவுண்டு கூடுதலாக வைத்து ஆரம்பி. பக்கச் சுவரின் மேல்விளிம்பில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டு மூன்று சுற்று ஓடிவிட்டு வா. கோடு தோளுக்குக் கீழே வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றைக் கூட்டு. தோளை எட்டவே இல்லை என்றால் குறை. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு பவுண்டு வித்தியாசம் வைத்தே வளைவில் காரின் குணத்தை நீ மாற்றலாம். நைலான் டயர் அந்த மாற்றத்தை ரேடியலைவிடத் தெளிவாகக் கைக்குச் சொல்லும்.

டயர் வாங்கப் போவதற்கு முன் ரிம் நாலையும் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, நட்டு ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு காட்டும் சாயத்தைத் தெளித்துப் பார். வெடிப்பு இருந்தால் வெல்டிங் வைக்காதே. சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் நல்ல பத்மினி ரிம் தேடு, எட்டு கிடைத்தால் எட்டையும் வாங்கு. ரிம்மின் அகலம் என்ன என்று அளந்து எனக்கு எழுது. டயரின் அளவை அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
உன் மாமா